மேல்வரி எண்ணை விரல் அடித்துவிடுவது பற்றி

வணக்கம். கஸ்தூரியார் வீதிக் கடையொன்றில் சரக்குக் கொப்பியைப் பார்த்து விலைகளைக் கணினியில் பதியும்போது, சரியான வரியையே பார்த்துக்கொண்டிருந்தும் மேல்வரியின் எண்ணை விரல் அடித்துவிடுகிறது என்றும், வானொலியை நிறுத்தினால் சரிவருமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இதை வெறும் கவனக்குறைவு என்று உங்கள் முதலாளி சொல்வது முழுவதும் நியாயமன்று. 1974இல் உளவியலாளர்களான பார்பரா எரிக்சனும் சார்லஸ் எரிக்சனும் நடத்திய பரிசோதனையில், நடுவிலுள்ள எழுத்துக்கு ஏற்ப மட்டும் ஒரு நெம்புகோலை இடமோ வலமோ தள்ளுமாறு சொல்லப்பட்டவர்கள், மறுபக்கத்துக்குரிய எழுத்துகள் அதன் அருகே நின்றபோது தாமதித்தார்கள். ஏனெனில் கண்ணில் படும் அயல் எழுத்தும் தனக்குரிய அசைவை ஓரளவு தூண்டிவிடுகிறது. எழுத்துகள் நெருங்க நெருங்க இக்குறுக்கீடு கூடியது. அதோடு, ஓர் அசைவின்போது உடனிருந்த தேவையற்ற பொருளும் அவ்வசைவோடு பிணைந்து, சற்று நேரத்தில் மீண்டும் கண்ணில் பட்டால் பழைய அசைவையே எழுப்பக்கூடும் என்பதும் பின்வந்த ஆய்வுகளில் தெரிந்தது.

ஆகவே அடிமட்டத்தை, நம்மில் பலரும் செய்வதுபோல வரிக்குக் கீழே வைக்காமல், பதிந்து முடித்த மேல்வரியை மறைக்குமாறு வையுங்கள்; அகலம் போதாவிட்டால் ஒரு மட்டைத் துண்டு போதும். வானொலிப் பாட்டு இந்தப் பிழைக்குக் காரணமென்று எனக்குத் தோன்றவில்லை. பக்கத்தில் யாராவது விலைகளை உரக்க வாசித்தால் அது வேறு கதை.