லாலிக் கண்ணாடி கார் மாஸ்காட் வாங்கும்போது அசலா என்று எப்படிப் பார்ப்பது?

கையொப்பத்தைக் கடைசியாகப் பாருங்கள். விற்பவர் முதலில் காட்டுவது அதைத்தான். ஏமாற்ற எளிதானதும் அதுதான்.

ரேடியேட்டர் மூடிமேல் பொருத்தும் இந்தக் கண்ணாடிச் சிலைகளை பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1925 முதல் 1931 வரை வெளியிட்டார். ஏறக்குறைய முப்பது வடிவங்கள். 1945இல் அவர் இறந்தபின் கையொப்பத்தில் இருந்த 'ஆர்.' என்ற முதலெழுத்து கைவிடப்பட்டு 'லாலிக் பிரான்ஸ்' மட்டும் நின்றது. கழுகுத் தலை, குட்டிச் சேவல் போன்ற சில வடிவங்களைப் பிற்பாடு பேப்பர்வெயிட்டாகவும் வார்த்தார்கள். அவையும் லாலிக்தான், ஆனால் இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றின் விலை பெறாதவை. தில்லுமுல்லு நடப்பது இங்கேதான்: பிந்தைய பொருளில் ஒரு 'ஆர்.' சேர்த்துக் கீறிவிடுவார்கள். 10 மடங்கு லென்ஸில் பார்த்தால் அந்த எழுத்தின் ஆழமும் இடைவெளியும் மற்றவற்றோடு ஒத்துப்போகாது. கீறல் புதுசாக, வெள்ளையாகத் தெரியும். அச்சிலேயே வார்த்த கையொப்பம் என்றால் இந்தச் சந்தேகம் குறைவு.

அடுத்தது சேதம். உலோகத் தாங்கியைக் கழற்றச் சொல்லுங்கள். லண்டன் பிரீவ்ஸ் கேலரி விற்ற அசல் தாங்கிக்குத் தனி மதிப்பு உண்டு, ஆனால் அடிவிளிம்பில் பெயர்ந்த சில்லுகளை மறைப்பதும் தாங்கிதான். கழற்ற மறுத்தால் வாங்காதீர்கள்.

அலகு, கொண்டை, தும்பியின் இறக்கை நுனி, இவை உடைந்தால் தேய்த்துச் சரிசெய்து விற்பார்கள். தேய்த்த இடம் தட்டையாக இருக்கும். இறகுக் கோடுகள் சட்டென்று நின்றுபோகும். பழைய விற்பனைப் பட்டியலில் உள்ள உயரத்தோடு வெர்னியரால் அளந்து ஒப்பிடுங்கள். 2, 3 மி.மீ. குறைந்தாலும் காரணம் கேளுங்கள். ஒட்டியதா என்று பார்க்க இருட்டறையில் புற ஊதா விளக்குப் போதும், பெரும்பாலான பசைகள் ஒளிரும்.

லேசான ஊதாச் சாயல் குறையல்ல. கண்ணாடியில் சேர்த்த மாங்கனீசு பல வருட வெயிலில் அப்படி மாறும். அடர் ஊதா என்றால் கதிர்வீச்சில் செயற்கையாக ஏற்றியிருக்கலாம். அதற்குக் கூடுதல் பணம் தராதீர்கள்.

வாங்கியபின் வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் போதும். கொதிநீர் பட்டால் விரிசல் விடும். பாலிஷ் பசை மங்கல் பரப்பை அழித்துவிடும். தாங்கிக்குள் சிலையை ஒளிரவைக்கும் பழைய இழை பல்பு இருந்தால் எல்இடி போடுங்கள், சூடு குறையும். கண்ணாடிக்கும் உலோகத்துக்கும் நடுவே தக்கையோ ரப்பரோ இல்லாமல் திருகை இறுக்கக் கூடாது.