2,800 கிலோ கேரவனுக்குப் பஜேரோ போதுமா?

வணக்கம் நண்பரே. ஆஸ்திரேலியாவில் 2,800 கிலோ கேரவனை (காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கும் வீட்டு வண்டியை) இழுக்க, 3,000 கிலோ இழுக்கும் திறனுள்ள பழைய டீசல் மிட்சுபிஷி பஜேரோ ஜீப்பை வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், தயவுசெய்து வேண்டாம். இழுக்கும் எடை 2,500 கிலோவைத் தாண்டிவிட்டால் பஜேரோவின் பின்புறம் கேரவனை மாட்டும் கொக்கியின் மீது 180 கிலோவுக்கு மேல் சுமை இறங்கக் கூடாது. ஆனால் நெடுஞ்சாலையில் வால் ஆட்டாமல் ஓட வேண்டிய கேரவனோ தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கை, அதாவது 280 கிலோவை, அங்கேதான் இறக்கும்.

அதற்குப் பதிலாக டொயோட்டா லேண்ட் குரூசர் 100 வரிசையில் 4.7 லிட்டர் பெட்ரோல் வண்டியைத் தேடுங்கள். அது 3,500 கிலோ வரை இழுக்கும். எரிபொருள் அதிகம் குடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் டீசல் வண்டியைவிட மலிவாகக் கிடைக்கும். பார்க்கப் போகும்போது பின்புறம் குனிந்து, கொக்கிச் சட்டத்தின் தகட்டில் பொறித்துள்ள எடையைப் படியுங்கள். அதைச் சேஸியோடு இணைக்கும் போல்ட்டுகளைச் சுற்றித் துருவோ விரிசலோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். 1,50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்ஜின் வால்வுகளை நேரம் பிசகாமல் இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றியதற்கான ரசீதையும் கேளுங்கள்.