தூதர் எழுதும் கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெல்ல மண்டி வைத்திருக்கிறேன். செயற்கைக்கோளும் இணையமும் எல்லாவற்றையும் காட்டிவிடும் காலத்தில், தூதரகங்கள் டெல்லிக்கு அறிக்கை எழுதிக்கொண்டிருப்பது வெட்டி வேலைதானே? உளவுத்துறை போதாதா? பழைய அறிக்கைகளை நம்மைப் போன்றவர்கள் படிக்க வழி உண்டா?

ஆர்., சேலம்

அன்புள்ள ஆர்.,

வெல்ல விலை உங்கள் போனுக்கே வந்துவிடுகிறது. அதற்காக ஏலத்துக்கு ஆள் அனுப்பாமல் இருப்பீர்களா? கட்டியை உடைத்துப் பார்ப்பது இருக்கட்டும். எப்போதும் முந்திக்கொண்டு கேட்கிற வியாபாரி அன்று வாயே திறக்கவில்லை என்றால், அதைக் கவனித்துச் சொல்ல அங்கே ஒருவர் நிற்கவேண்டும். தூதரும் அப்படி நிற்பவர்தான். படை எங்கே இருக்கிறது என்று செயற்கைக்கோள் காட்டிவிடும். எதற்காக இருக்கிறது என்பதை அனுப்பியவனிடம் பேசுகிறவர்தான் ஓரளவாவது சொல்லமுடியும்.

1950 அக்டோபர் 3, நள்ளிரவு தாண்டிய நேரம். பீஜிங்கில் இந்தியத் தூதர் கே. எம். பணிக்கரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி அழைத்துப் போகிறார்கள். அமெரிக்கப் படை கொரியாவில் வடக்கையும் தெற்கையும் பிரிக்கும் 38ஆம் அட்சக்கோட்டைத் தாண்டினால் சீனா போரில் இறங்கும் என்கிறார் பிரதமர் சூ என்லாய். தென்கொரியர்கள் மட்டும் தாண்டினால் பரவாயில்லை என்றும் பிரித்துச் சொல்கிறார். (மிரட்ட மட்டும் நினைப்பவர் இவ்வளவு நுணுக்கம் பார்ப்பாரா?) அமெரிக்காவுக்கு அங்கே தூதரகம் இல்லாததால் செய்தி டெல்லியைச் சுற்றிக்கொண்டு வாஷிங்டன் போனது. பணிக்கர் சீனாவுக்குச் சாதகமானவர் என்று அங்கே ஒதுக்கிவிட்டார்கள். சீனா தலையிட வாய்ப்பு மிகக் குறைவு என்று 15ஆம் தேதி அமெரிக்க அதிபர் ட்ரூமனிடம் கொரியப் போர்த் தளபதி மெக்ஆர்தர் சொன்னார். 19ஆம் தேதி சீனப் படை எல்லையிலுள்ள யாலு ஆற்றைக் கடந்து கொரியாவுக்குள் போனது.

பணிக்கருக்குச் சாய்வு இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அன்று அவர் சுமந்து வந்தது ஒரு பிரதமரின் வாக்கு. கொரியாவை ஒட்டிய மஞ்சூரியாவில் சீனப் படை குவிவதும் அமெரிக்க உளவுக்குத் தெரிந்தே இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க வேண்டும். உளவு போதாதா என்கிறீர்கள். இருந்தும் போதவில்லை, பாருங்கள்.

சொந்த ஆள் எழுதினாலும் இதே கதிதான் சில சமயம். 1971 ஏப்ரல் 6 அன்று டாக்காவின் அமெரிக்கத் துணைத் தூதர் ஆர்ச்சர் பிளட், கிழக்கு பாகிஸ்தான் படுகொலையில் தங்கள் அரசு காக்கும் மௌனத்தைக் கண்டித்து அலுவலர்கள் கையெழுத்திட்ட தந்தியை அனுப்பினார். அதிபர் நிக்சனுக்கோ சீனாவிடம் போக, இடையில் நின்று பேச பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் தேவைப்பட்டார். பிளட் திருப்பி அழைக்கப்பட்டார்.

படிக்க வழி உண்டு. நான் சொன்ன இரண்டும் அமெரிக்க வெளியுறவுத்துறை பதிப்பித்த ஆவணத் தொகுதிகளில் இருக்கின்றன, இணையத்தில் இலவசம். நம் நாட்டில் 25 ஆண்டு தாண்டிய கோப்புகளைத் திறக்கலாம் என்று விதி இருக்கிறது. வெளியுறவுத்துறை கொடுப்பது கைக்கு வந்தபடிதான். தேசிய ஆவணக் காப்பகத்தின் ‘அபிலேக் படல்’ தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டு தேடிப் பாருங்கள்.