சீன நிலக்காட்சி ஓவியம்: சில கேள்விகள், பதில்கள்

கே: மலை, மூடுபனி, ஓர் ஓடம். சீன ஓவியங்கள் எல்லாமே ஒன்றுபோல இருக்கின்றனவே, அலுக்காதா?

ப: இரண்டே படங்களைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஃபான் குவான் 1000-ஆம் ஆண்டையொட்டி வரைந்த பட்டுச்சீலை ஓவியம் ஆளை விட உயரம். பாறை முழுக்க மழைத்துளி விழுந்ததுபோல் குத்துக் குத்தாகத் தூரிகைத் தடம். ஹுவாங் கோங்வாங் 1350-ல் வரைந்த ஃபுச்சுன் மலைச் சுருள் ஓவியத்தில் தளர்ந்த நீளக் கோடுகள். மண்குன்றின் மென்மை அதில் தெரியும். இத்தகைய கோட்டு வகைகளுக்கெல்லாம் தனித்தனிப் பெயர் உண்டு. எந்தக் கோடு யாருடையது என்று பிடிபட்டுவிட்டால் அலுப்பு போய்விடும்.

கே: பழையவர்களைப் பார்த்து வரைவது நகல்தானே ஐயா? அதில் என்ன கலை?

ப: நகலெடுத்துக் கைமாற்றுவதை ஓவியத்தின் ஆறு நெறிகளில் ஒன்றாகவே 6-ஆம் நூற்றாண்டில் கலை விமர்சகர் ஷியே ஹே எழுதிவிட்டார். ஆனால் நகல் என்றால் அச்சுப் பிரதி என்று நினைக்காதீர்கள். அந்த ஃபுச்சுன் சுருள் ஒருகாலத்தில் ஷென் சோ என்ற ஓவியரிடம் இருந்தது. கைவிட்டுப் போனபின், திரும்ப வாங்க வசதியில்லாமல், 1487-ல் முழுவதையும் நினைவிலிருந்தே வரைந்தார். அவ்வளவு ஊறியிருந்தது! மூலச்சுருளை 1650-ல் அதன் உரிமையாளர் சாகும் தறுவாயில் தீயிலிடச் செய்தார். உறவினர் ஒருவர் வெளியே இழுத்துக் காப்பாற்றினார். இரண்டாகிவிட்ட சுருளில் ஒரு துண்டு இன்று சீனாவின் ஹாங்சோவில், மற்றது தைவானின் தைபேயில். 2011-ல் தைபேயில் சேர்த்துக் காட்டினார்கள்.

கே: இந்த மரபை எதிர்த்தவர் யாருமே இல்லையா?

ப: ஷீதாவ் என்ற ஓவியர் இருந்தார், 17-ஆம் நூற்றாண்டு. முன்னோரின் தாடியும் புருவமும் என் முகத்தில் முளைக்காது என்ற கருத்தில் எழுதியவர். ஆனால் அவர் கையில் இருந்ததும் அதே மை, அதே தூரிகை, அதே மலைதான். எதிர்க்கவும் மரபின் மொழி தேவைப்பட்டது என்பதே என் எண்ணம்.

கே: இன்றைய கலைஞர்களுக்கு இதெல்லாம் எதற்கு?

ப: யாங் யோங்லியாங்கின் படங்களைத் தூரத்திலிருந்து பார்த்தால் பழைய சோங் அரசமரபுக் காலத்து (10 முதல் 13-ஆம் நூற்றாண்டு) ஓவிய மலை. கிட்டப் போனால் அடுக்குமாடிகள், பாரந்தூக்கிகள். எல்லாம் கணினியில் கோத்த ஒளிப்படங்கள். சூ பிங் பால்நிறக் கண்ணாடிக்குப் பின்னால் காய்ந்த செடியையும் கசங்கிய காகிதத்தையும் ஒட்டிப் பழைய ஓவியங்களை நிழலாக எழுப்புகிறார். பார்ப்பவர் மனதில் அந்த மலை முன்பே இருப்பதால்தான் இவை பலிக்கின்றன.

கே: எங்கிருந்து தொடங்கட்டும்?

ப: ஃபான் குவானிலிருந்து. தைபே தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பெரிதாக்கிப் பார்க்கலாம். கீழே வலப்பக்கம், கோவேறு கழுதைகளுக்குப் பின்னால், இலைகளுக்கிடையில் அவர் கையொப்பம் இருக்கிறது. 1958-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள்.