வயதானவர்களை வீட்டிலேயே எடை கட்டிப் பயிற்சி செய்யச் சொல்வது சரியா?

கேட்டவர் எழுதியிருப்பது இது: அம்மாவுக்கு 73 வயது. காய்ச்சலில் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்து வந்தபிறகு நடை தளர்ந்துவிட்டது. பிசியோதெரபிஸ்ட் காலில் எடை கட்டிப் பயிற்சி செய்யச் சொல்கிறார். சொந்தக்காரர்களோ, "இந்த வயசுல எதுக்கு வம்பு, படுத்து ரெஸ்ட் எடுக்கட்டும்" என்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

பிசியோதெரபிஸ்ட் பேச்சைக் கேளுங்கள். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. பாளையங்கோட்டையில் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கும் மருமகள். இதே காரியத்துக்காக ஊர் ஏச்சையும் உறவின் ஏச்சையும் வாங்கியவள் என்பதால் எழுதுகிறேன்.

என் அத்தைக்கு நிமோனியா வந்தபோது வயது 76. சளி குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டார். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளும் ஒரு சத்து டானிக்கும் "நல்ல ஓய்வு" என்ற வரியும் இருந்தன. அந்த ஓய்வுதான் எங்களைப் படுத்தியது. கட்டிலில் சாப்பாடு, கட்டிலில் காபி. அவர் எழுந்திருக்கப் பார்த்தால் வீட்டில் யாராவது ஓடிப் போய், "இருங்க, நான் எடுத்துத் தாரேன்" என்போம். எல்லாம் பாசம்தான். ஆனால் சீக்கிரமே, கழிவறைக்குப் போனவர் தானாக எழுந்து வர முடியாமல் என்னைக் கூப்பிட்டார். அந்த வெட்கத்தில் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். அதனால் மலச்சிக்கல், அதனால் சாப்பாடு குறைந்தது. ஒன்றைத் தொட்டு ஒன்றாகப் போனது.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. 2007ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு. சராசரியாக 67 வயதுள்ள, நோய் எதுவும் இல்லாத 12 பேரை 10 நாள் கட்டிலிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை போய்விட்டது. ஆரோக்கியமானவர்களுக்கே அப்படி என்றால், காய்ச்சலோடு படுத்த உங்கள் அம்மாவின் தொடையைத் தொட்டுப் பாருங்கள், தெரியும்.

எங்கள் வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். முதல் நாள் எடை எதையும் காட்டவில்லை. கை வைத்த மர நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போடச் சொன்னார். உட்காரும் இடத்தில் ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டு உயரம் ஏற்றினார். "பாட்டி, நுனிக்கு வாங்க. பாதத்தைக் கொஞ்சம் பின்னால இழுங்க. மூக்கு முட்டிக்கு நேரா வரட்டும், இப்ப எந்திரிங்க." அத்தை என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு எழுந்தார். தொடை நடுங்கியது வெளியே தெரிந்தது. மூச்சை அடக்கக் கூடாது என்பதால் வாய்விட்டு எண்ணச் சொன்னார். அத்தை ஒன்று என்று தொடங்கவே மாட்டார். நெல் அளந்த வீட்டுப் பெண். "லாபம்... ரெண்டு... மூணு..." மூன்றோடு உட்கார்ந்துவிட்டார்.

நாட்கள் போகப் போக ஜமுக்காளத்தின் மடிப்பு குறைந்தது, பிறகு என் கையும் தேவைப்படவில்லை. அதன்பின்தான் எடை. மாமாவின் பழைய வேட்டியை இரட்டையாக மடித்துத் தைத்து, சலித்த மணலைப் போட்டு, மளிகைக் கடைத் தராசில் அரை அரைக் கிலோவாக நிறுத்துக் கொண்டு வந்தேன். அதைக் கணுக்காலில் கட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்டி மடக்க வேண்டும். அப்புறம் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்குவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, ஒரு பாதத்துக்கு முன்னால் மறுபாதத்தை வைத்து நிற்பது. ஒருநாள் விட்டு ஒருநாள், அரை மணி நேரம். பத்துத் தடவை லேசாக முடிகிறது என்றால் மணலைக் கூட்ட வேண்டும். கூட்டாமல் அதே எடையில் நின்றால் பலமும் அங்கேயே நின்றுவிடும். பலர் விடுகிற இடம் இதுதான்.

பேச்சு வந்ததும் அப்போதுதான். பக்கத்து வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள், "வயசான மனுசிய மண்ணு சொமக்க வச்சிருக்கா" என்று தெருவில் சொல்லியிருக்கிறார்கள். அது கோயம்புத்தூரில் இருக்கும் என் நாத்தனார் வரைக்கும் போய்விட்டது. போனில் கேட்டார்: "எங்கம்மாவுக்கு என்ன தலையெழுத்து? நீ பாக்க முடியலன்னா சொல்லு, நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்." ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பாத்ரூமுக்குக் கூட்டிப் போகிறவளுக்கு இந்தக் கேள்வி எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. தாயைப் படுக்கவைத்து ஊட்டிவிட்டால் நல்ல மருமகள், எழுந்து நடக்க வைத்தால் கொடுமைக்காரி. இதைப் படித்துவிட்டு, "மாமியாரைப் பற்றிப் பொதுவில் எழுதலாமா" என்று பின்னூட்டம் போட வருகிறவர்களுக்கு: அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இது ஏதோ என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். 1994ல் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த 100 பேரிடம் செய்து பார்த்திருக்கிறார்கள். சராசரி வயது 87. ஒரு பிரிவுக்கு எடைப் பயிற்சி, ஒரு பிரிவுக்குச் சத்து பானம், ஒரு பிரிவுக்கு இரண்டும், ஒரு பிரிவுக்கு இரண்டும் இல்லை. பத்து வாரத்தில் பயிற்சி செய்தவர்களின் தசை பலம் இரண்டு மடங்குக்கு மேல் போனது. சத்து பானம் மட்டும் குடித்தவர்களுக்குப் பலம் கூடவில்லை. டின் டின்னாகப் பவுடர் வாங்கி அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று இருக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

"அது இல்லத்தில், ஆள் வைத்துச் செய்தது" என்பீர்கள். வீட்டுக்கும் உதாரணம் இருக்கிறது. நியூசிலாந்தின் ஒடாகோ பல்கலைக்கழகத்தார் 80 வயதும் அதற்கு மேலும் உள்ள 233 பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியினர் வீட்டுக்கு பிசியோதெரபிஸ்ட் முதல் இரண்டு மாதத்தில் நான்கு தடவை போய், காலில் எடை கட்டும் பயிற்சியும் தடுமாறாமல் நிற்கும் பயிற்சியும் சொல்லிக் கொடுத்தார். 1997ல் வெளியான முடிவின்படி, ஒரு வருடத்தில் அவர்கள் கீழே விழுந்தது 88 தடவை; மற்றப் பாதியினர் 152 தடவை. இடுப்பெலும்பு முறிந்த பெரியவர்கள் இருந்த வீட்டில் கேட்டுப் பாருங்கள், ஒரு விழுதல் குறைந்தால் என்ன அர்த்தம் என்று சொல்வார்கள்.

இனி சாப்பாடு. எங்களுடையது மரக்கறி வீடு, முட்டைகூடக் கிடையாது. அத்தை சாப்பிட்டது காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ரசம் சோறு, ராத்திரி கஞ்சி. ஓர் இட்லியில் இருப்பது 2 கிராம் புரதம். நம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) கணக்கு, வயதுவந்தவர்களுக்குப் பொதுவாக உடல் எடையில் கிலோவுக்கு தினம் 0.83 கிராம்; முதியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வேண்டும் என்று 2013ல் சர்வதேச வல்லுநர் குழு சொன்னது. அத்தை 50 கிலோ, ஆக 50 முதல் 60 கிராம். அவர் அதில் பாதியைக்கூடத் தொட்டிருக்க மாட்டார்.

நான் புதிதாக எதையும் சமைக்கவில்லை. ரசம் சோறு போய் உளுந்தம்பருப்புச் சோறும் எள்ளுத் துவையலும் வந்தது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா? உளுந்து, பாசிப்பயறு, கடலை எதுவானாலும் வேகவைக்காத 100 கிராமில் ஏறக்குறைய 20 கிராம் புரதம் இருக்கும். பல் செட் கடிக்காததால் சுண்டலைக் குழைய வேகவைத்துப் பாதி மசித்துக் கொடுத்தேன். பொரிகடலையைப் பொடித்துப் பாலில் கலந்தேன். கஞ்சியில் பாசிப்பருப்பு, மத்தியானம் கெட்டித் தயிர். முட்டை, மீன் சாப்பிடும் வீடென்றால் வேலை இன்னும் சுலபம். பி12, டி வைட்டமின் இரண்டையும் டாக்டர் பார்க்கச் சொன்னார், இரண்டுமே குறைவு, மாத்திரை கொடுத்தார்.

இதோடு சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனசில்லை. அத்தையின் குடும்பப் பென்ஷன் வரும் வங்கியை முதல் மாடிக்கு மாற்றினார்கள். லிஃப்ட் கிடையாது. பென்ஷன்காரர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லை. உயிர்ச் சான்று கொடுக்க "ஆளை நேர்ல கூட்டிட்டு வாங்க" என்றார்கள். தபால்காரரே வீட்டுக்கு வந்து டிஜிட்டல் உயிர்ச் சான்று எடுத்துக் கொடுக்கும் வசதி 2020லிருந்து இருக்கிறது. அதை அந்தக் கவுன்டரில் ஒருவரும் சொல்லவில்லை; தபால்காரர்தான் சொன்னார். உங்கள் அம்மாவுக்கும் பயன்படும் என்று எழுதுகிறேன்.

பயிற்சிக்கு முன் டாக்டரிடம் சில விஷயங்களைத் தெளிவாகக் கேளுங்கள். சிறுநீரக நோய் இருந்தால் புரத அளவை அவர்தான் சொல்ல வேண்டும், என் கணக்கு செல்லாது. நெஞ்சுவலி, கட்டுக்குள் வராத பிரஷர், சமீபத்திய எலும்பு முறிவு இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் தொடங்காதீர்கள். சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர் வெறும் வயிற்றில் செய்யக் கூடாது. பிசியோதெரபிஸ்டுக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்றால் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை கொடுக்கிறார்கள்.

நாளைக்கே ஒன்று செய்யலாம். அம்மா பக்கத்தில் ஒருவர் நிற்க, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொல்லி நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை பலம் குறைந்திருக்கலாம் என்பது ஆசிய மருத்துவர் குழு 2019ல் வைத்த அளவு. எழவே முடியவில்லை என்றாலும் பயப்படாதீர்கள், என் அத்தையும் அங்கேதான் தொடங்கினார். அந்த விநாடியைக் காலண்டரில் குறித்து வைத்து, மாதம் ஒருமுறை அதையே செய்து பாருங்கள். ரெஸ்ட் எடுக்கச் சொல்லும் சொந்தக்காரர்களை பிசியோதெரபிஸ்ட் வரும் நேரத்துக்கு வீட்டுக்கு வரச் சொல்லி, கேட்க வேண்டியதை அவரிடமே கேட்கச் சொல்லுங்கள்.