செட்டில்மென்ட் கடிதம் கைக்கு வராமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். சம்பளம் 22,000 ரூபாய். மனைவி வீட்டிலேயே தைத்துக் கொடுத்து மாதம் 8,000, 9,000 சம்பாதிக்கிறார். 2021-இல் அப்பாவுக்குக் கொரோனா வந்தபோது ஆஸ்பத்திரிச் செலவுக்கு கிரெடிட் கார்டில் 58,000 ரூபாய் தேய்த்தேன். அந்த ஜூனுக்குப் பிறகு ஒரு பைசாகூடக் கட்ட முடியவில்லை. யாருக்கும் எதுவும் எழுதிக் கொடுக்கவும் இல்லை. இப்போது 1,87,000 என்கிறார்கள். ஒருவர் தினமும் கூப்பிட்டு, "இன்னிக்கு ராத்திரிக்குள்ள 45,000 ஜிபே பண்ணுங்க, முடிச்சு விட்டுடறேன். இல்லேன்னா போலீஸ் வரும்" என்கிறார். கம்பெனி சூப்பர்வைசருக்கும் போன் செய்துவிட்டார். வாட்ஸ்அப்பில் லோக் அதாலத் (மக்கள் நீதிமன்றம்) நோட்டீஸ் ஒன்றும் வந்திருக்கிறது. கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் என் ஸ்கோர் 561. தவணையில் வாங்கி 2020-இலேயே கட்டி முடித்த செல்போனுக்கு இன்னும் 2,340 பாக்கி என்று அதில் காட்டுகிறது. ஊரில் உள்ள மூன்று சென்ட்டில் வீடு கட்டக் கடன் வாங்க வேண்டும். மனைவியின் செயினை அடகு வைத்து 45,000-ஐக் கட்டிவிடட்டுமா? 10,000 கொடுத்தால் ஸ்கோரை 750 ஆக்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: செயின் கழுத்திலேயே இருக்கட்டும். இன்று ராத்திரிக்குள் கட்டியே தீர வேண்டிய கட்டாயம் எதுவும் உங்களுக்கு இல்லை.

முதலில் போலீஸ் பயம். கார்டு பாக்கி கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் வீட்டுக்கு வந்து கைது செய்யாது. காசோலை திரும்பினாலோ, தவணைக்காகக் கொடுத்த வங்கி ஆணை பணமில்லாமல் திரும்பினாலோதான் குற்ற வழக்கு வர வழியுண்டு. அதற்கும் முன்கூட்டியே நோட்டீஸ், பதினைந்து நாள் அவகாசம் எல்லாம் உண்டு. உங்கள் கார்டு விஷயத்தில் அப்படி எதுவும் இல்லை. சிவில் கோர்ட்டில் தீர்ப்பே வந்தாலும், கையில் பணம் இல்லாததற்காக ஒருவரைச் சிறையில் வைக்கக் கூடாது என்று ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் 1980-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சம்பளத்தை ஜப்தி செய்வதற்கும் எல்லை இருக்கிறது. முதல் ஆயிரம் ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் தொடக் கூடாது. உங்கள் 22,000-இல் அதிகபட்சம் 7,000 வரைதான் கை வைக்க முடியும். பி.எஃப். பணத்தைத் தொடவே முடியாது.

இனி, தினமும் கூப்பிடும் அந்த வசூல் ஏஜென்ட் உங்களிடம் சொல்லாத விஷயத்துக்கு வருகிறேன். இப்படிப்பட்ட பாக்கிக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் காலவரம்பு. நீங்கள் நிறுத்தியது 2021 ஜூன். கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று உத்தரவிட்டது. அதைக் கழித்து எண்ணினாலும் உங்கள் கணக்கில் கெடு 2025 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. ஆனால் இந்தக் கணக்கு செல்ல வேண்டுமானால், அதற்குள் வங்கி வழக்குப் போட்டிருக்கக் கூடாது. நீங்களும் இடையில் கையெழுத்திட்டு எதையும் ஒப்புக்கொண்டிருக்கக் கூடாது. கோர்ட் சம்மன் வந்ததாக நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் கோர்ட் வழக்குகளைத் தேடிப் பார்க்கும் இ-கோர்ட்ஸ் தளத்தில் உங்கள் பெயரைப் போட்டு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கெடு முடிந்ததால் கடன் அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வங்கி கேட்கலாம், சிபில் அறிக்கையிலும் அது நிற்கும். கோர்ட் மூலம் வசூலிக்கும் வழி மட்டும் அடைபட்டிருக்கிறது. ஆபத்து எங்கே என்றால், செத்துப்போன கெடுவுக்கு நீங்களே உயிர் கொடுத்துவிட முடியும். காலாவதியான கடனைக் கட்டுகிறேன் என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25-இன்படி அது புதிய ஒப்பந்தமாகிவிடும். ஆகவே வெற்றுத் தாளிலோ, தவணை ஒப்புதல் படிவத்திலோ கையெழுத்து வேண்டாம். வாட்ஸ்அப்பில் "கட்டிவிடுகிறேன் சார்" என்றுகூட எழுத வேண்டாம்.

அப்படியானால் கட்டாமலே விட்டுவிடலாமா? விட வேண்டாம் என்பதுதான் என் கருத்து. உங்களுக்கு வீடு கட்ட வேண்டும். அறிக்கையில் "ரைட்டன் ஆஃப்" (வராக் கடன் என்று வங்கி ஒதுக்கியது) என்று ஒரு கணக்கு கிடக்கும்வரை எந்த வங்கி மேலாளரும் உங்கள் மனுவைத் திறந்து பார்க்கத் தயங்குவார். ஆனால் பேரம் பேசும் இடத்தில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். 1,87,000-இல் பெரும்பகுதி வட்டியும் அபராதமும்தான். அசலை ஒட்டியோ அதற்குக் கீழோ பேசுங்கள். ஏஜென்டிடம் அல்ல, வங்கியின் மின்னஞ்சல் முகவரிக்கு எழுதி. "கட்ட வேண்டியதை ஒப்புக்கொள்கிறேன்" என்ற வாசகம் அதில் வரக் கூடாது. "இக்கணக்கை ஒரே தவணையில் முடிக்க உங்கள் நிபந்தனைகளைக் கடிதமாகத் தரவும், என் சட்ட உரிமைகளை விட்டுக்கொடுக்காமல் இதைக் கேட்கிறேன்" என்று எழுதினால் போதும்.

கடிதம் வந்ததும் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். வங்கியின் தலைப்புத் தாளில், கார்டின் கடைசி நான்கு எண், செட்டில்மென்ட் தொகை, கெடு தேதி, இத்தொகை கட்டினால் இந்தக் கணக்கில் வேறு பாக்கி இல்லை என்ற உறுதி, எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். சிபிலுக்கு எப்படித் தெரிவிப்பார்கள் என்பதும் அதிலேயே இருக்கட்டும். "செட்டில்டு" என்று போட்டால் குறைத்துக் கட்டியதாக அர்த்தம். "குளோஸ்டு" என்றால் முழுவதும் தீர்ந்தது. வீட்டுக் கடன் கொடுப்பவர் கண்ணில் இரண்டும் ஒன்றல்ல. வட்டி, அபராதத்தை வங்கியே தள்ளுபடி செய்து குளோஸ்டு என்று காட்டுமா என்று கேட்டுப் பாருங்கள். எல்லா வங்கியும் சம்மதிக்காது, கேட்பதில் தவறில்லை. இப்போது செட்டில்டு ஆனாலும், பிறகு மீதியைக் கட்டி மாற்றிக்கொள்ள வழியுண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். சமரசமாக முடித்தால் அதே வங்கி குறைந்தது 12 மாதத்துக்கு உங்களுக்குப் புதிய கடன் தராது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், போன வருடம் ஒரு அம்மா மஞ்சப்பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். பைக்குள் போன் திரையைப் படமெடுத்துப் பிரின்ட் போட்ட பதினோரு தாள்கள். பதினொன்றும் வசூல் செய்தவரின் சொந்த எண்ணுக்குப் போன பணம், மொத்தம் 33,000. வங்கிக் கணக்கில் ஒரு ரூபாய்கூட வரவாகவில்லை. அந்த எண் இப்போது அணைக்கப்பட்டிருக்கிறது. அவரிடம் ஒரே ஒரு கடிதம் இருந்திருந்தால் அன்று நான் வேறு பதில் சொல்லியிருப்பேன். பணம் வங்கிக் கணக்குக்கு மட்டும், கட்டிய பிறகு நிலுவையில்லாச் சான்று கையில்: இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

அந்த வாட்ஸ்அப் நோட்டீஸ் உண்மையா என்று உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் காட்டிக் கேளுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். உண்மையென்றால் பயப்படாமல் போங்கள். லோக் அதாலத்தில் யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. ஒத்துவராவிட்டால் எழுந்து வந்துவிடலாம். ஒத்துவந்தால், அங்கே எழுதப்படுவது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வங்கியும் அதிலிருந்து நழுவ முடியாது. அதனாலேயே, கையில் இருக்கும் தொகைக்கு மட்டும் அங்கே கையெழுத்திடுங்கள். கட்ட முடியாத மாதத் தவணைக்குத் தலையாட்டிவிட்டால், காலாவதியான கடன் புத்தம்புதுத் தீர்ப்பாக உங்கள் தலையில் ஏறும்.

சூப்பர்வைசருக்குப் போன் செய்தது தவறு. காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் கூப்பிடக் கூடாது, மிரட்டக் கூடாது, உறவினர் நண்பர்களிடம் போய் அவமானப்படுத்தக் கூடாது என்பதெல்லாம் ரிசர்வ் வங்கியின் விதி. அழைப்பு வந்த தேதி, நேரம், எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.

செல்போன் பாக்கி 2,340 சின்னத் தொகைதான். ஆனால் உங்கள் ஸ்கோரை அதுவும் இழுத்துப் பிடித்திருக்கிறது, சரிசெய்வதும் சுலபம். சிபில் மட்டுமல்ல, எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் எனக் கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் நிறுவனங்கள் மொத்தம் நான்கு இருக்கின்றன. ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நான்கையும் எடுங்கள், நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது. கடைசித் தவணை கழிந்த மாதத்தின் பாஸ்புக் பக்கத்தை இணைத்து அந்தத் தளத்திலேயே ஆட்சேபம் பதியுங்கள், கடன் கொடுத்த நிறுவனத்துக்கும் அனுப்புங்கள். 30 நாளில் தீர்க்காவிட்டால், அதற்குப் பிறகு நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உங்களுக்கு உண்டு. 2024 ஏப்ரலிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. புகார் எண்ணைத் தொலைத்துவிடாதீர்கள்.

இந்த வேலையைத்தான் அந்த 10,000 ரூபாய் ஆசாமியும் செய்வார், உங்கள் ஓ.டி.பி.யை வாங்கிக்கொண்டு. சரியான பதிவை யாராலும் அழிக்க முடியாது. தவறான பதிவைத் திருத்த உங்களிடம் காசு கேட்க யாருக்கும் உரிமையில்லை. அந்தப் பத்தாயிரத்தை வங்கியில் வைப்பு வைத்து, அதன்மேல் தரும் கிரெடிட் கார்டு ஒன்றை வாங்குங்கள். ஸ்கோர் பார்க்காமலே தருகிற வங்கிகள் உண்டு. மாதம் கேஸ் சிலிண்டருக்கு மட்டும் அதைத் தேய்த்து, கெடுவுக்கு முன் முழுத் தொகையையும் கட்டுங்கள். "குறைந்தபட்சத் தொகை" என்று பில்லில் போட்டிருப்பார்கள், அதை மட்டும் கட்டிவந்தால் மீதிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல் வட்டி ஏறும். ஒன்றரை, இரண்டு வருடம் இப்படிப் போன பிறகு வீட்டுக் கடனுக்கு மனைவியையும் சேர்த்து விண்ணப்பியுங்கள். அதுவரை கண்ட ஆப்பிலும் கடன் கேட்டுத் தட்டாதீர்கள்; ஒவ்வொரு விண்ணப்பமும் அறிக்கையில் பதிவாகும்.

இன்றிரவு அந்த நபர் கூப்பிட்டால், "வங்கியின் கடிதம் வரட்டும், பேசுவோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வையுங்கள். கடிதம் வந்தால், பணம் கட்டுவதற்கு முன் அதன் நகலை எனக்கு அனுப்புங்கள், படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.