நோட்.ஜேஎஸ்ஸின் வெப் ஃப்ரேம்வொர்க்கான எக்ஸ்பிரஸில், ஒவ்வொரு ரூட்டிலும் எர்ரரைப் பிடிக்கும் ட்ரை-கேட்ச் எழுதத்தான் வேண்டுமா?

எக்ஸ்பிரஸ் பதிப்பு 5 என்றால் பெரும்பாலும் வேண்டாம். ஆனால் "எர்ரர் ஹேண்ட்லர் இருக்கிறது, ஆனாலும் ரிக்வெஸ்ட் தொங்குகிறது" என்று கேட்டிருக்கிறீர்களே, அப்படியானால் உங்களுடையது பதிப்பு 4 ஆகத்தான் இருக்கும்.

4-இல் சாதாரண ஃபங்ஷன் எர்ரரை வீசினால் எக்ஸ்பிரஸ் பிடித்துக்கொள்ளும். ஏசிங்க் ஃபங்ஷன் (முடிவைப் பிறகு தருவது) வீசினால் கைக்கு வருவது ரிஜெக்ட் ஆன ப்ராமிஸ், அதாவது தோற்றுப்போன 'பிறகு தருகிறேன்' என்ற வாக்கு. அதை 4 ஏறெடுத்தும் பார்க்காது. நோட் 15 முதல் இப்படி யாரும் பிடிக்காத ரிஜெக்‌ஷன் புராசஸையே சாய்த்துவிடும். உங்களுடையது சாயாமல் தொங்குகிறது என்றால், ஒன்று நோட் பழையது, இல்லை யாரோ அன்ஹேண்டில்ட்-ரிஜெக்‌ஷனுக்கு லிஸனர் போட்டு அதன் வாயை அடைத்திருக்கிறார்கள். முதலில் அதைத் தேடுங்கள்.

ரூட் ஃபங்ஷனை வாங்கி, ஓட்டி, வரும் ப்ராமிஸின் கேட்ச்சில் நெக்ஸ்ட்டை (எர்ரரை ஹேண்ட்லருக்குக் கடத்தும் ஃபங்ஷன்) கொடுக்கும் மூன்று வரி ராப்பர் போதும். 5-க்குப் போனால் அதுவும் வேண்டாம். ஆனால் நோட் 18-ஆவது இருக்க வேண்டும், ரூட் பாத்களில் வெறும் நட்சத்திரக் குறி இருந்தால் அந்தக் குறிக்குப் பெயர் வைக்க வேண்டும். ஃபாஸ்டிஃபை என்ற வேறு ஃப்ரேம்வொர்க்குக்கே மாறிவிடு என்பார்கள். புது வேலைக்குச் சரி, ஓடுகிற கோடுக்கு இல்லை. 5-உம் எல்லாவற்றையும் பிடிக்காது: செட்டைம்அவுட்டுக்குள் வீசியது, அவெய்ட் போட மறந்த ஃபங்ஷன் அழைப்பு, ஸ்ட்ரீமின் எர்ரர் ஈவென்ட் எல்லாம் உங்கள் பாடு.

எர்ரர் ஹேண்ட்லரையும் பாருங்கள். அது எல்லா ரூட்டுகளுக்கும் பிறகு வர வேண்டும். எர்ர், ரெக், ரெஸ், நெக்ஸ்ட் என நான்கு பாராமீட்டரும் இருந்தால்தான் எக்ஸ்பிரஸ் அதை எர்ரர் ஹேண்ட்லராக எண்ணும். எண்ணிக்கையைத்தான் பார்க்கிறது, பெயரை அல்ல. நெக்ஸ்ட் பயன்படவில்லை என்று கோடைச் சரிபார்க்கும் லின்ட்டர் முனகியதால் அதை அழித்தால் கதை முடிந்தது. ஹெடர்கள் ஏற்கெனவே போய்விட்டால் மறுபடி பதில் எழுதாமல் நெக்ஸ்ட்டுக்கே எர்ரரைத் தள்ளுங்கள், டீஃபால்ட் ஹேண்ட்லர் கனெக்‌ஷனை மூடிவிடும். நோட்_என்வ் என்ற சூழல் மாறி ப்ரொடக்‌ஷனாக இல்லையென்றால் அதே டீஃபால்ட் ஹேண்ட்லர் ஸ்டாக் ட்ரேஸை (எர்ரர் வந்த வழித்தடம்) அப்படியே வெளியே காட்டும்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன்: எர்ரர் வந்தாலும் 'எல்லாம் சரி' என்னும் 200 ஸ்டேட்டஸ் கொடுத்து, பதிலின் பாடிக்குள் 'சக்ஸஸ்: ஃபால்ஸ்' எழுதும் பழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ! லோட் பேலன்சர் கணக்கில் எல்லாம் பச்சை, அலர்ட் அடிக்காது, கேஷ் அந்தப் பிழையையே பத்திரப்படுத்தி அடுத்தவருக்கும் பரிமாறும். "எங்கள் ஃப்ரன்ட்எண்ட் அப்படித்தான் கேட்கிறது" என்றால், 422 போன்ற எர்ரர் ஸ்டேட்டஸ் கொடுத்துவிட்டு அதே பாடியை அனுப்புங்கள், யார் தடுத்தது?